நீலத்தில் கரைந்த ஒரு முகவரி: ஜிடிபி எழுத்து நிறங்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு நினைவக முகவரியின் கடைசி நான்கு இலக்கங்கள் 2880. நாங்கள் அதை 2860 என்று படித்தோம். அந்த ஒரு இலக்கத்தால் மூன்று பேருக்கு ஒன்றரை நாள் வீணானது. ஜிடிபி-யில் (ஓடும் புரோகிராமை நடுவில் நிறுத்திப் பிழை தேட உதவும் கருவி) எழுத்து நிறங்களை மாற்றுவதைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் அதுதான். திரை அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையெல்லாம் அப்புறம்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

நடந்தது

சி மொழியில் எழுதிய ஒரு சர்வீஸ். அதற்குள் ஒரு லிங்க்டு லிஸ்ட், அதாவது ஒன்று அடுத்ததன் முகவரியை வைத்திருக்கும் நோடுகளின் சங்கிலி. அதில் ஒரு நோடின் பாயின்டர் (அந்த முகவரி) எப்போதோ கெட்டுப்போகிறது, அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் புரோகிராம் விழுகிறது. நினைவகத்தைக் கெடுக்கும் பிழைகளில் இது வழக்கம்: விழும் இடம் வேறு, கெடுத்த இடம் வேறு. இதற்கு ஜிடிபி-யில் கைகண்ட மருந்து வாட்ச்பாயின்ட். கெடும் முகவரி தெரிந்தால் அதன்மேல் காவல் வைக்கலாம், யார் அங்கே எழுதினாலும் புரோகிராம் அந்த வரியிலேயே நின்றுவிடும். எக்ஸ்86 பிராசஸரில் இதற்கென்றே நான்கு டீபக் ரிஜிஸ்டர்கள் இருப்பதால் புரோகிராமின் வேகமும் குறையாது.

ஆனால் ஓட்டத்துக்கு ஓட்டம் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். ஜிடிபி தானே தொடங்கிவைக்கும் புரோகிராம்களுக்கு லினக்ஸின் முகவரிக் கலைப்பை (ஒவ்வொரு ஓட்டத்திலும் முகவரிகளை மாற்றிவைக்கும் பாதுகாப்பு) இயல்பாகவே அணைத்துவிடுகிறது, அதனால் எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டு சோதனை இயந்திரங்கள் இருந்தன, இரண்டும் ஒரே படிமத்திலிருந்து நிறுவியவை, உபுண்டு 22.04, ஜிடிபி 12.1. ஒன்றில் கெட்ட நோடின் முகவரியைப் பார்த்தோம். இன்னொன்றில் வாட்ச்பாயின்ட் வைத்து ஓட்டுவதாகத் திட்டம். இரண்டும் வெளி வலையோடு தொடர்பில்லாதவை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலெடுத்து ஒட்ட வழியில்லை. முதல் இயந்திரத்தின் திரை புரொஜெக்டரில் ஓடியது, ஒருவர் வாசிக்க, ஒருவர் பலகையில் எழுத, மூன்றாமவர் இரண்டாவது இயந்திரத்தில் தட்டினார்.

வாட்ச்பாயின்ட் ஒரு தடவைகூட நிற்கவில்லை. புரோகிராம் மட்டும் வழக்கம்போல் விழுந்தது.

தவறான முகவரி என்றால் ஜிடிபி ஏதாவது குறை சொல்லியிருக்காதா என்று கேட்கலாம். இங்கேதான் எங்கள் கெட்ட நேரம். முகவரிகள் பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்ட எண்கள், அதனால் 60-க்கும் 80-க்கும் இடையே இருப்பது 32 பைட். 64 பிட் லினக்ஸில் நினைவகம் ஒதுக்கித் தரும் மாலக் (ஜிலிப்சி நூலகத்தில் இருப்பது) கொடுக்கும் மிகச் சிறிய துண்டும் சரியாக 32 பைட்தான். எங்கள் நோடுகள் சின்னவை, வரிசையாக ஒதுக்கப்பட்டவை. ஆக நாங்கள் காவல் வைத்தது கெட்ட நோடுக்கு முந்தைய நல்ல நோடின் மேல். முறையான முகவரி, முறையான தரவு, எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. காவல் ஒழுங்காகத்தான் வேலை செய்தது, அடுத்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு.

நிற்காததற்குக் காரணம் தேடி என்னென்னவோ சந்தேகப்பட்டோம். வன்பொருள் வாட்ச்பாயின்ட் த்ரெட்களோடு ஒத்துப்போகவில்லையோ, கெர்னல் அந்த இடத்தில் எழுதுகிறதோ என்று (சிஸ்டம் கால் வழியாகக் கெர்னல் எழுதினால் வாட்ச்பாயின்ட் பிடிக்காது என்பது உண்மை, அதனால் அந்தச் சந்தேகம் அரை நாளைத் தின்றது). இரண்டாம் நாள் மதியம் குழுவின் இளையவர் வெள்ளைப் பின்னணி டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) அதே இயந்திரத்துக்குள் நுழைந்து அதே நோடைப் பார்த்தார். “அண்ணா, இது 60 இல்ல, 80” என்றார். சரியான முகவரியில் காவல் வைத்ததும் ஒரே ஓட்டத்தில் பிடிபட்டது: ஒரு லூப் தன் அரேயின் எல்லையைத் தாண்டி ஒரு இடம் அதிகமாக எழுதிக்கொண்டிருந்தது.

நிறத்தின் மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. எண்ணை வாசித்து எழுதுவதே ஆபத்தான பழக்கம், அதைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்காதது அதைவிட மோசம். ஒரே ஜிடிபி அமர்விலேயே வேலை செய்திருந்தால் $1 (ஜிடிபி முதலில் அச்சிட்ட மதிப்புக்கு அதுவே வைக்கும் பெயர்) என்று குறிப்பிட்டே வாட்ச்பாயின்ட் வைத்திருக்கலாம், எண் எதுவும் யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. இவற்றையும் திருத்திக்கொண்டோம். ஆனாலும் கறுப்புத் திரையில் அடர்நீலத்தில் வந்த அந்த எண்ணை யாருமே சரியாகப் படித்திருக்க முடியாது என்பதை மறுநாள் அதே அறையில் உட்கார்ந்து பார்த்தபோது மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம்.

அந்த நீலம் எங்கிருந்து வந்தது

ஜிடிபி 1986-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியது. அதிலிருந்து முப்பது வருடத்துக்கும் மேலாக அது டெர்மினலின் ஒரே நிறத்தில்தான் பேசியது. நிறம் வேண்டியவர்கள் சிஜிடிபி போன்ற முகப்புகளையோ பைத்தான் நிரல்களையோ மேலே போட்டுக்கொண்டார்கள். 2019 மே மாதம் வந்த 8.3 பதிப்பில்தான் ஜிடிபி-க்குள்ளேயே ‘செட் ஸ்டைல்’ என்ற கட்டளைக் குடும்பம் சேர்ந்தது. அப்போதிலிருந்து கோப்புப் பெயர் பச்சை, ஃபங்ஷன் பெயர் மஞ்சள், வேரியபிள் பெயர் சயான், முகவரி நீலம் என்று இயல்பு நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று குணங்கள் உண்டு: ஃபோர்கிரவுண்ட், பேக்கிரவுண்ட், இன்டென்சிட்டி. நிறமாக பிளாக், ரெட், கிரீன், யெல்லோ, புளூ, மெஜந்தா, சயான், ஒயிட் என்று எட்டுப் பெயர்கள், எதுவும் வேண்டாம் என்பதற்கு நன். இன்டென்சிட்டிக்கு நார்மல், போல்ட், டிம்.

இப்போது எந்த நிறம் இருக்கிறது என்று பார்க்க ‘ஷோ ஸ்டைல்’ போதும். பட்டியலில் ஒவ்வொரு பெயரும் அதனதன் நிறத்திலேயே அச்சாகும், அதனால் எது உங்கள் திரையில் படிக்க முடியாமல் போகிறது என்பது அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். ஜிடிபி திறந்ததும் முதல் காரியமாக அதைத் தட்டிப் பாருங்கள் என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன்.

நாங்கள் முதலில் புரிந்துகொள்ளாத விஷயம் ஒன்று இருக்கிறது. ‘புளூ’ என்று ஜிடிபி சொன்னாலும் ஜிடிபி-க்கு எந்த நீலம் என்று தெரியாது. எஸ்கேப் எழுத்து, ஒரு சதுர அடைப்பு, எழுத்து நிறத்துக்கு 34 என்பதும் சேர்ந்த சில எண்கள், முடிவுக்கு ‘எம்’ என்ற எழுத்து, அவ்வளவைத்தான் அது டெர்மினலுக்கு அனுப்புகிறது. 34 என்றால் எந்த நீலம் என்று முடிவெடுப்பது டெர்மினல். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலில் இயல்பாக அது சிவப்பு 0, பச்சை 0, நீலம் 238. பழைய விஜிஏ வழக்கத்தைப் பின்பற்றும் கன்சோல்களில் 0, 0, 170. ஒரே கட்டளை ஒருவருக்குப் படிக்கக்கூடிய நீலமாகவும் இன்னொருவருக்குக் கரி இருட்டாகவும் வருவது இதனால்தான். “எனக்கு நல்லாத்தானே தெரியுது” என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

எவ்வளவு மோசம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இணையப் பக்கங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்கு 4.5 மடங்கு ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது. அதே சூத்திரத்தில் போட்டால், கறுப்பின் மேல் எக்ஸ்டெர்மின் நீலம் 2.2 மடங்கு, விஜிஏ நீலம் 1.6 மடங்கு. மனிதக் கண்ணின் வெளிச்ச உணர்வில் நீலத்தின் பங்கு மிகவும் குறைவு, அந்தச் சூத்திரத்திலேயே நீலத்துக்கு 0.0722 பங்குதான், பச்சைக்கு 0.7152. இதற்கு மேல் புரொஜெக்டர் வேறு. புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது, அறையின் வெளிச்சம் திரையில் எவ்வளவு விழுகிறதோ அதுதான் அங்கே கறுப்பு. அப்படியானால் மேலே சொன்ன 2.2-உம் அந்த அறையில் கிடைத்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜிடிபி திரையில் காட்டுபவற்றில் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் படிக்க வேண்டியது முகவரி ஒன்றுதான். ஃபங்ஷன் பெயரில் ஒரு எழுத்து மங்கினால் மனம் நிரப்பிக்கொள்ளும். முகவரியில் நிரப்ப எதுவும் இல்லை.

முதல் இரண்டு திருத்தங்களும் தோற்ற கதை

முதலில் செய்தது மிக எளிமையானது. ‘செட் ஸ்டைல் அட்ரஸ் இன்டென்சிட்டி போல்ட்’. என் மடிக்கணினியில் உடனே பளிச்சென்று வந்தது, பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். பக்கத்து இருக்கையில் எழுத்து தடித்ததே தவிர நீலம் அப்படியே இருட்டாக இருந்தது. காரணம் மறுபடியும் டெர்மினல்தான். சில டெர்மினல்கள் ‘போல்ட்’ என்று வந்தால் தடித்த எழுத்தோடு அந்த நிறத்தின் வெளிர் வகையையும் எடுத்துக்கொள்ளும், சில தடிமனை மட்டும் மாற்றும். ஜினோம் டெர்மினலில் இதற்கென்று ஒரு டிக் பெட்டியே உண்டு, எக்ஸ்டெர்மிலும் அமைப்பு உண்டு. எக்ஸ்டெர்மின் வெளிர்நீலம் 92, 92, 255, கறுப்பின் மேல் அது ஏறக்குறைய 4.4 மடங்கு வரும். என் கணினியில் நான் பார்த்தது இந்த 4.4, அவர் பார்த்தது அதே 2.2.

சரி, நிறத்தையே மாற்றுவோம் என்று மஞ்சளுக்குப் போனோம். கறுப்பின் மேல் எக்ஸ்டெர்மின் மஞ்சள் 12 மடங்குக்கு மேல், அற்புதமாகத் தெரிந்தது. ஆனால் குழுவில் இரண்டு பேர் வெள்ளைப் பின்னணிக்காரர்கள், அவர்களில் ஒருவர்தான் 80-ஐக் கண்டுபிடித்த அந்த இளையவர். வெள்ளையின் மேல் அதே மஞ்சள் 1.7 மடங்கு. அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு நாள் கழித்து எதற்கோ அவர் மேசைக்குப் போனபோதுதான் நிறம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வேலை செய்வதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன், முதலிலேயே போட்டிருக்க வேண்டும்.

எக்ஸ்டெர்மின் இயல்பு நிறங்களை எடுத்துக்கொண்டால், வெள்ளையின் மேல் பச்சை 2.2, சயான் 2, மஞ்சள் 1.7. ஜிடிபி-யின் முதல் நான்கு இயல்பு நிறங்களில் மூன்று வெள்ளையில் தோற்கின்றன, நான்காவதான நீலம் அங்கே 9.4 மடங்கோடு ஜெயிக்கிறது. கறுப்பில் அப்படியே தலைகீழ். சிவப்பு வெள்ளையில் 5.8, கறுப்பில் 3.6. மெஜந்தா ஒன்றுதான் வெள்ளையில் 4.7, கறுப்பில் 4.5 என்று இரண்டு பக்கமும் ஏறக்குறைய நடுவில் நிற்கிறது. எல்லோருக்கும் ஒரே நிறம் என்று ஒன்றைப் பொது இயந்திரத்தில் வைத்தே ஆக வேண்டுமானால் அது மெஜந்தாதான் என்று அன்று முடிவானது, இன்றுவரை அதை மாற்ற ஒரு காரணமும் வரவில்லை.

மற்றவற்றுக்கு? நிறமே வேண்டாம். இது என் தனிப்பட்ட தீர்ப்பு, குழுவில் எல்லோரும் உடனே ஏற்கவில்லை. ‘நன்’ என்றால் டெர்மினலின் சொந்த எழுத்து நிறம், அது பின்னணி எதுவானாலும் படிக்கக்கூடியதாகத்தான் அவரவர் வைத்திருப்பார்கள். ஃபங்ஷன் பெயரை மட்டும் நிறமில்லாமல் போல்ட் ஆக்கினோம். பேக்டிரேஸில் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியல்) கண் முதலில் தேடுவது ஃபங்ஷன் பெயரை, அதைத் தடிமனே காட்டிக்கொடுத்துவிடும். முகவரி மட்டும் நிறத்தில். நாலு நிறம் இருந்தபோது எதுவும் தனித்துத் தெரியவில்லை, ஒரே நிறம் ஆனதும் முகவரிகள் எங்கே இருந்தாலும் கண்ணில் குத்துகின்றன.

இன்னொன்றும் இதே சாக்கில் சரியானது. ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ (கம்பைலர் நீக்கிவிட்டதால் மதிப்பு இல்லை), ‘இத்தனை முறை திரும்ப வருகிறது’ போன்ற ஜிடிபி-யின் சொந்தக் குறிப்புகள் மெட்டாடேட்டா என்ற ஸ்டைலில் வரும், அதன் இயல்பு இன்டென்சிட்டி டிம். புரொஜெக்டரில் டிம் எழுத்து அநேகமாகக் காணாமலே போகும். ஒரு வேரியபிளுக்கு மதிப்பே இல்லை என்ற செய்தி கண்ணில் படாமல் போவது முகவரியைத் தப்பாகப் படிப்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. அதை நார்மல் ஆக்கினோம்.

முடிவில் கோப்பில் இருந்தது இவ்வளவுதான்:

செட் ஸ்டைல் அட்ரஸ் ஃபோர்கிரவுண்ட் மெஜந்தா
செட் ஸ்டைல் ஃபங்ஷன் ஃபோர்கிரவுண்ட் நன்
செட் ஸ்டைல் ஃபங்ஷன் இன்டென்சிட்டி போல்ட்
செட் ஸ்டைல் ஃபைல்நேம் ஃபோர்கிரவுண்ட் நன்
செட் ஸ்டைல் வேரியபிள் ஃபோர்கிரவுண்ட் நன்
செட் ஸ்டைல் மெட்டாடேட்டா இன்டென்சிட்டி நார்மல்

கோப்பை எங்கே வைப்பது

இந்த ஆறு வரியை எங்கே வைப்பது என்பதில் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததைவிட அதிகம் அடிபட்டோம்.

முதலில் புராஜெக்ட் அடைவுக்குள் ஒரு டாட் ஜிடிபிஇனிட் கோப்பாக (ஜிடிபி திறக்கும்போது தானாகப் படிக்கும் இனிட் கோப்பு) வைத்தோம், கிட் என்ற நிரல் பகிர்வுக் கருவியில் சேர்த்துவிட்டால் எல்லோருக்கும் போய்விடும் என்று. பாதிப் பேருக்கு அது ஓடவே இல்லை. நடப்பு அடைவில் இருக்கும் இனிட் கோப்பை ஜிடிபி கண்ணை மூடிக்கொண்டு ஓட்டாது, யாரோ வைத்த கோப்பு உங்கள் கணினியில் எதை வேண்டுமானாலும் இயக்கலாம் என்பதால் அந்த அடைவு ஆட்டோலோடு சேஃப்பாத் என்ற நம்பகமான இடங்களின் பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட்டுக் கோப்பைத் தாண்டிப் போய்விடும். சேஃப்பாத்தில் சேர்த்தவர்களுக்கு வேறு தொல்லை: அவரவர் ஹோம் அடைவில் வைத்திருந்த சொந்த இனிட் கோப்பு முதலில் படிக்கப்பட்டு, புராஜெக்ட் கோப்பு அதற்குப் பிறகு படிக்கப்படுகிறது. கடைசியில் வருவது ஜெயிக்கும். ஒவ்வொருவரும் தன் கண்ணுக்கு ஏற்ப வைத்திருந்ததைப் பொதுக் கோப்பு அழித்தது.

அதனால் பொது அமைப்பைச் சோதனை இயந்திரங்களின் சிஸ்டம் இனிட் கோப்புக்கு மாற்றினோம். டெபியனிலும் உபுண்டுவிலும் அது இடிசி-க்குள் ஜிடிபி என்ற அடைவில் இருக்கும். அது ஹோம் கோப்புக்கு முன்பே படிக்கப்படுவதால் சொந்தமாக ஏதும் வைக்காதவருக்கு மெஜந்தா கிடைக்கும், வைத்தவருக்கு அவர் வைத்தது கிடைக்கும். நிறம் மாதிரி விஷயங்களுக்கு இந்த வரிசைதான் சரியானது என்று உறுதியாக நினைக்கிறேன். புராஜெக்ட் கோப்பில் பிரெட்டி பிரின்டர் (தரவை எளிதாகப் படிக்கும் வடிவில் காட்டும் நிரல்) போடுங்கள், நிறத்தைப் போடாதீர்கள்.

அப்புறம் பழைய இயந்திரங்கள். ஒரு சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதோடு வரும் ஜிடிபி 7.6.1. ஒரு டெபியன் 10-உம் இருந்தது, அதில் 8.2. இரண்டுமே ஸ்டைல் வருவதற்கு முந்தியவை. ஹோம் இனிட் கோப்பை எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி நகலெடுத்து வைத்திருந்த ஒருவருக்கு, சென்ட்ஓஎஸ் இயந்திரத்தில் பிரெட்டி பிரின்டர்களும் ஹிஸ்டரி சேமிப்பும் திடீரென்று வேலை செய்யாமல் போயின. ஜிடிபி கெட்டுவிட்டது என்றே நினைத்தார்.

காரணம் சுவாரசியமானது. ஜிடிபி-யில் ‘செட்’ என்பதற்குப் பின்னால் தெரியாத சொல் வந்தால் அது தெரியாத கட்டளை என்று சொல்லாது, வேரியபிளுக்கு மதிப்புக் கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும். பழைய ஜிடிபி ‘செட் ஸ்டைல்’ என்பதைப் பார்த்ததும் உங்கள் புரோகிராமில் ஸ்டைல் என்ற பெயரில் வேரியபிள் இருக்கிறதா என்று தேடும். இன்னும் புரோகிராமையே ஏற்றாத நேரம் என்பதால், சிம்பல் டேபிள் (புரோகிராமில் உள்ள பெயர்களின் பட்டியல்) எதுவும் ஏற்றப்படவில்லை என்று செய்தி வரும். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத செய்தி. இதைவிட முக்கியம், இனிட் கோப்பில் ஒரு வரி பிழையானால் ஜிடிபி அங்கேயே நிறுத்திவிடும், மீதி வரிகள் ஓடாது. ஸ்டைல் வரிகள் கோப்பின் மேலே இருந்ததால் கீழே இருந்த எல்லாம் போயின.

ஸ்டைல் வரிகளைக் கோப்பின் கடைசிக்கு நகர்த்தினாலே சேதம் பெரும்பாலும் தீர்ந்துவிடும், ஆனால் பிழைச் செய்தி வந்துகொண்டே இருக்கும். சுத்தமான வழி, பைத்தான் தொகுதிக்குள் ஒவ்வொரு வரியையும் ‘ஜிடிபி டாட் எக்ஸிகியூட்’ வழியாக ஓட்டி, ‘ஜிடிபி டாட் எரர்’ வந்தால் பிடித்து விட்டுவிடுவது. நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சோர்ஸ் வரிகளின் நிறம் ஏன் மாறவில்லை

மாற்றங்கள் எல்லாம் முடிந்த பிறகு வந்த முதல் கேள்வி இது. “எல்லா நிறத்தையும் எடுத்துட்டேன்னு சொன்னீங்க, லிஸ்ட் போட்டா ரிட்டர்ன் இன்னும் நீலமாத்தான் வருது” என்றார் ஒருவர். சரியான கேள்வி. ‘செட் ஸ்டைல்’ குடும்பம் ஜிடிபி தன் வாயால் சொல்லும் சொற்களுக்கு மட்டும். ‘லிஸ்ட்’ போட்டால் வரும் சி நிரலுக்கு நிறம் பூசுவது ஜிடிபி அல்ல, குனு சோர்ஸ் ஹைலைட் என்ற தனி நூலகம். அதன் ஸ்டைல் கோப்பில் எழுதியிருக்கும் நிறங்கள்தான் அங்கே வரும். அந்த நூலகம் இல்லாமல் உருவாக்கிய ஜிடிபி என்றால் பைத்தானின் பிக்மென்ட்ஸ் அந்த வேலையைச் செய்யும். ஜிடிபி-க்குள்ளிருந்து நம் கையில் இருப்பது பெரும்பாலும் ‘செட் ஸ்டைல் சோர்சஸ் ஆஃப்’ என்ற ஒரு சுவிட்ச்தான். 12-ஆம் பதிப்பிலிருந்து மெயின்ட் (பராமரிப்பு) கட்டளைகளில் ஒன்றால் குனு நூலகத்தை அணைத்துவிட்டுப் பிக்மென்ட்ஸுக்கு வழிவிடலாம், பைத்தானில் பழக்கமுள்ளவர்களுக்கு அங்கிருந்து நிறத்தை மாற்றுவது சுலபம்.

நாங்கள் சோதனை இயந்திரங்களில் சோர்ஸ் நிறத்தை அணைத்தே வைத்தோம். படிக்க முடியாத நீலம் ஒரு காரணம். இன்னொன்று வேகம்: தானாக உருவாக்கப்பட்ட மிகப் பெரிய சி கோப்பு ஒன்று எங்களிடம் உண்டு, அதற்குள் முதல் தடவை நிற்கும்போது கோப்பு முழுவதற்கும் நிறம் பூசி முடியும்வரை ஜிடிபி உறைந்து நிற்கும். சுவிட்சை அணைத்ததும் அந்தக் காத்திருப்பு போய்விட்டது.

சிவப்பும் பச்சையும்

குழுவில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். இந்த நிகழ்வு நடக்கும்வரை அது எங்களில் யாருக்கும் தெரியாது, நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகுதான் அவராகச் சொன்னார். அவர் இயந்திரம் டெபியன் 12, ஜிடிபி 13.1. பதிமூன்றாம் பதிப்பில்தான் டிஸ்அசெம்பிளி வெளியீட்டின் (புரோகிராமைப் பிராசஸரின் கட்டளைகளாகக் காட்டும் பட்டியல்) ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி ஸ்டைல் வந்தது. அதன் இயல்பு என்ன தெரியுமா? நெமோனிக் (கட்டளையின் பெயர்) பச்சை, ரிஜிஸ்டர் (பிராசஸருக்குள் இருக்கும் சேமிப்பிடம்) சிவப்பு, இமீடியட் (கட்டளையிலேயே வரும் எண்) நீலம். ஒரே வரியில் அருகருகே இருக்கும் இரண்டு சொற்களுக்கு, அவரால் பிரிக்க முடியாத அதே இரண்டு நிறங்கள். இதில் அவருக்கு எந்த லாபமும் இல்லை, மங்கலான எழுத்து மட்டும்தான் மிச்சம்.

அவர் தன் ஹோம் கோப்பில் நெமோனிக்கை நிறமின்றி போல்ட் ஆக்கி, ரிஜிஸ்டரைச் சயான் ஆக்கிக்கொண்டார், அவர் திரை கறுப்பு என்பதால் சயான் அங்கே பிரமாதமாகத் தெரியும். முகவரிக்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை, டிஸ்அசெம்பிளருக்குள் வரும் முகவரி ஸ்டைல் பொதுவான அட்ரஸ் ஸ்டைலுக்கே இன்னொரு பெயர், ஒன்றை மாற்றினால் இரண்டும் மாறும். முதலில் புராஜெக்ட் கோப்பு அழித்தது இவருடைய அமைப்பைத்தான். எல்லோருக்கும் நல்லது செய்வதாக நினைத்து நாங்கள் போட்ட கோப்பு அவருடைய திரையைத்தான் முதலில் கெடுத்தது என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சில்லறை விஷயங்கள்

பிராம்ப்ட்டுக்கும் (கட்டளைக்காகக் காத்திருக்கும்போது ஜிடிபி காட்டும் குறி) நிறம் வைக்க ஒருவர் ஆசைப்பட்டார். ‘செட் பிராம்ப்ட்’-இல் எஸ்கேப் குறியீட்டை நேரடியாகப் போட்டார், நிறம் வந்தது, ஆனால் மேல் அம்பை அழுத்திப் பழைய நீளமான கட்டளையை எடுத்தால் கர்சர் தப்பான இடத்தில் நிற்கும், வரி மடங்கும்போது தன் மேலேயே எழுதிக்கொள்ளும். பிராம்ப்ட்டின் அகலத்தைக் கணக்கிடும் ரீட்லைன் நூலகம் கண்ணுக்குத் தெரியாத குறியீடுகளையும் எழுத்தாக எண்ணிவிடுவதால் வரும் கோளாறு. குறியீட்டுக்கு முன்னால் \001, பின்னால் \002 வைத்தால் இடையில் இருப்பதை எண்ணாது.

வெளியீட்டைக் குழாய் வழியாக வேறு கட்டளைக்கு அனுப்பினால் ஜிடிபி தானாகவே நிறத்தை விட்டுவிடும், டெர்மினல் வகை ‘டம்’ (ஊமை என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்) என்றிருந்தாலும் அப்படியே. ஆனால் ‘ஸ்கிரிப்ட்’ கட்டளையால் அமர்வு முழுவதையும் பதிவு செய்தால் குறியீடுகள் எல்லாம் கோப்புக்குள் போகும், பிறகு தேடும்போது முகவரியின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு தொல்லை தரும். அப்படிப் பதிவு செய்யும் நாளில் ‘செட் ஸ்டைல் எனேபிள்ட் ஆஃப்’ என்று தொடங்கிவிடுவோம். ஜிடிபி திறந்தவுடன் வரும் பதிப்பு அறிவிப்பின் நிறத்தையே மாற்ற வேண்டுமானால் வழக்கமான இனிட் கோப்புக்கு முன்பே படிக்கப்படும் எர்லி இனிட் கோப்பு 11-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது, எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அடுத்து எதிர்பார்ப்பது 17-ஆம் பதிப்பு எல்லா இயந்திரத்துக்கும் வருவதை. அதில் எட்டுப் பெயர்களோடு 256 நிற எண்களையும் 24 பிட் நிறங்களையும் கொடுக்கலாம். 16-க்கு மேற்பட்ட எண்கள் பெரும்பாலான டெர்மினல்களில் ஒரே நிறமாகத்தான் வரும், எந்த நீலம் என்று டெர்மினல் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்கும் பிரச்சினை அங்கே குறையும். கறுப்பிலும் வெள்ளையிலும் 4.5-ஐத் தாண்டும் ஒரு நிறத்தைக் கணக்குப் போட்டே எடுக்கலாம். அதுவரை மெஜந்தா இருக்கிறது. இரண்டாவது இயந்திரத்தில் முகவரியைத் தட்டுபவர் இப்போது கடைசி நான்கு இலக்கங்களை உரக்கத் திரும்ப வாசிக்கிறார், முதல் இயந்திரத்தின் முன்னால் இருப்பவர் புரொஜெக்டரைப் பார்க்காமல் தன் திரையைப் பார்த்து ஆமாம் என்று சொன்ன பிறகுதான் என்டர் அழுத்துகிறார்.